ஒரு முழுப் பலாப்பழம், ஒரு ஞாயிற்றுக்கிழமை: மரத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு வரை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு நடையில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கும். உள்ளே பலாப்பழம். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒருமுறை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "இன்னும் வாசன வரலியே" என்று பையன் பள்ளிக்கூடப் பையோடு நின்று சொல்வான். "நாளைக்கு வரும், போடா" என்பார் என் மாமியார். அந்த நாலைந்து நாள் காத்திருப்பிலிருந்தே சந்தோஷம் தொடங்கிவிடுகிறது.

நாங்கள் இருப்பது பண்ருட்டிக்குத் தெற்கே, காடாம்புலியூர் பக்கம். செம்மண் பூமி. முந்திரியும் பலாவும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள், சாலையோரம் மலைபோல் குவித்திருக்கும் பழங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பத்துச் சுளையைப் பொட்டலமாக வாங்கிப் போவார்கள். "முழுப் பழம் எடுத்தா யாரு வெட்டுறது? பிசினு ஒட்டுமே" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொட்டலத்தில் கிடைப்பது சுளை மட்டும்தான். முழுப் பழம் வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் முழுக்க வீடே ஓரிடத்தில் உட்காரும், மாட்டுக்குத் தீனி கிடைக்கும், அடுத்த ஒரு மாதத்துக்குக் குழம்புக்குக் கொட்டை இருக்கும். வெட்டும் வேலை கஷ்டமில்லை. முறை தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைகூட பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம்.

பழம் எடுப்பது

எங்கள் பக்கம் மாசி, பங்குனியிலேயே முதல் காய்கள் இறங்க ஆரம்பித்துவிடும். நல்ல பழம் வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி, ஆனி. ஆடி மழை விழுந்த பிறகு எடுத்தால் சுளையில் தண்ணீர் கோத்து இனிப்பு குறைந்துவிடும். அதனால் மே, ஜூன் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய பழம்? ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு முதல் பத்து கிலோ பழம் சரியாக இருக்கும். பத்து கிலோ பழத்தில் தின்னக்கூடிய சுளை சுமார் மூன்று கிலோ தேறும். மீதி தோல், தண்டு, சடை, கொட்டை. இருபது கிலோ பழத்தை ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, தூக்க முடியாமல் தூக்கிப் போய், பாதியை வீணாக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் பத்து வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பெரிதாக எடுங்கள்.

முற்றிய காயைக் கண்டுபிடிக்க எங்கள் ஆயா (பாட்டி) நாலு விஷயம் பார்ப்பார். முதலில் முள். பிஞ்சில் முட்கள் நெருக்கமாக, கூராகக் குத்தும். முற்றிய காயில் முட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, அடி அகன்று, நுனி மழுங்கியிருக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குத்தாமல் உறுத்த மட்டும் செய்யும். இரண்டாவது நிறம். கரும்பச்சை போய் மஞ்சள் கலந்த பச்சையாக மங்கியிருக்க வேண்டும். மூன்றாவது, காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இலை. அது மஞ்சளாகி விழும் நிலையில் இருந்தால் காய் தயார். சந்தையில் இலையோடு கிடைக்காது என்பதால் இது தோப்பில் எடுப்பவர்களுக்குத்தான் உதவும்.

நாலாவதுதான் முக்கியம். சத்தம். விரல்களை மடக்கி முட்டியால் பழத்தின் நடு வயிற்றில் தட்ட வேண்டும். பிஞ்சு என்றால் "டிக் டிக்" என்று கல்லைத் தட்டியதுபோல் இறுக்கமாக வரும். முற்றியது என்றால் "டொப் டொப்" என்று உள்ளே இடம் இருப்பதுபோல் ஒலிக்கும். இதை எழுதிப் புரியவைப்பது கடினம். அதனால் ஒன்று செய்யுங்கள். கடையில் வெட்டி விற்பதற்காக வைத்திருக்கும் பழுத்த பழத்தை முதலில் தட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் பச்சைக் காயையும் தட்டிப் பாருங்கள். இரண்டு சத்தமும் காதில் இருக்கும்போது உங்கள் பழத்தைத் தேடுங்கள். எங்கள் ஆயா மரத்தடியில் நின்று கழியால் தட்டியே சொல்லிவிடுவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் என் கையைப் பிடித்துக் காயின் மேல் வைத்து, ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் மாற்றி மாற்றித் தட்ட வைத்தார். "காதுல வாங்கு, கண்ண மூடிக்க" என்றார். மூன்றாவது மரத்துக்குப் போகும்போது எனக்கே வித்தியாசம் கேட்டது.

மரத்தில் இருந்து இறக்குகிறீர்கள் என்றால், காயைக் கீழே விழ விடவே கூடாது. காம்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் வெட்ட, கீழே இருவர் பிடித்து இறக்க வேண்டும். விழுந்த பழம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பழுத்த பிறகு வெட்டிப் பார்த்தால் அடிபட்ட பக்கம் முழுக்கக் கறுத்துப் புளித்திருக்கும். காம்பை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். பின்னால் அது பிடிக்க உதவும்.

கிளைக்காயைவிட அடிமரத்தில், வேரோரம் காய்க்கும் காய்க்கு எங்கள் ஊரில் மதிப்பு அதிகம். அதைப் பெரும்பாலும் விற்கமாட்டார்கள், வீட்டுக்கென்று வைத்துக்கொள்வார்கள். ரகம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியான பாலூர் 1 என்ற ரகம் பண்ருட்டிக்குப் பக்கத்துப் பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். ஒட்டுக்கன்று வாங்கி வைக்க நினைத்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பழுக்க வைப்பது

இறக்கிய உடனே காம்பிலிருந்து பால் ஒழுகும். காம்பு கீழே பார்க்கும்படி, நிழலில், பழைய சாக்கின் மேல் சாய்த்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். முற்றிய காயின் பால் நீர்த்து வரும். வெள்ளையாக, கெட்டியாகக் கொட்டினால் காய் இன்னும் முற்றவில்லை என்று அர்த்தம். அதைப் பழுக்க வைக்கப் போராடாதீர்கள், கறிக்கு வெட்டிவிடுங்கள்.

பால் வடிந்த பழத்தைச் சாக்குக்குள் போட்டு, சுற்றி வைக்கோல் திணித்து, வாயைக் கட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பழுத்துவிடும். ஊரில் சிலர் காம்பில் வேப்பங்குச்சியை அடித்து இறக்குவார்கள், சீக்கிரம் பழுக்கும் என்று. என் மாமியார் அதை விரும்புவதில்லை. குச்சி போன இடத்தில் சில சமயம் அழுகல் பிடிக்கும் என்பார். நானும் குச்சி அடிப்பதில்லை. அவசரமாக இருந்தால் சாக்குக்குள் இரண்டு பழுத்த வாழைப்பழத்தைப் போடுங்கள், அது போதும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கேடு. கடையில் வாங்கும்போது, தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே வராத பழத்தை எடுக்காதீர்கள்.

பழுத்ததற்கு மூன்று அடையாளம்: நடைக்குள் நுழையும்போதே வாசனை அடிக்கும், கட்டை விரலால் அழுத்தினால் முள்ளுக்கு நடுவே லேசாக அமுங்கும், தட்டினால் மெத்தென்று மங்கலான சத்தம்தான் வரும். மூன்றும் சேர்ந்த நாளில் வெட்ட வேண்டும். அதற்கு மேல் இரண்டு நாள் போட்டால் காம்போரத்தில் புளிப்பு வாடை வந்துவிடும்.

ஒருமுறை நாத்தனார் குடும்பம் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தது. வாசனை வந்த அன்றே, இன்னும் அமுங்காத பழத்தை அவர்களுக்காக அவசரப்பட்டு வெட்டினோம். பிசின் கயிறுபோல இழுத்தது. சுளை வெளுத்து, மரக்கட்டையைக் கடித்ததுபோல இருந்தது. குழந்தைகள் முகம் வாடிப்போயிற்று. அதிலிருந்து வாசனையை மட்டும் நம்புவதில்லை, அமுக்கியும் பார்த்துவிடுவோம்.

வெட்டுவதற்கு முன்: முள் எண்ணும் விளையாட்டு

இதை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு இதுதான் பண்டிகை. பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல ஒரு பழைய தமிழ்க் கணக்கு உண்டு. காம்பை ஒட்டிச் சுற்றி இருக்கும் சிறு முட்களை எண்ண வேண்டும். வந்ததை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை. முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு எண் சொல்லி, சுவரில் கரித்துண்டால் எழுதிவிடுவோம். பெண் முட்களில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து எண்ணுவாள், எண்ணியதையே மறுபடி எண்ணாமல் இருக்க. "காம்பை ஒட்டி" என்பது எந்த வரிசை வரை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சண்டை நடக்கும். கணக்கு சில பழத்தில் கிட்டத்தட்டச் சரியாக வந்திருக்கிறது, சிலதில் இருபது முப்பது தள்ளிப் போயிருக்கிறது. கடைசியில் கொட்டைகளை எண்ணி யார் சொன்னது பக்கத்தில் வருகிறதோ அவருக்குத்தான் தண்டை ஒட்டிய பெரிய சுளை.

வெட்டுவது

இடம் முக்கியம். வீட்டுக்குள் வெட்டாதீர்கள். நாங்கள் கிணற்றடிக்குப் பக்கத்தில், புங்க மர நிழலில் வெட்டுவோம். மொட்டை மாடி, திண்ணை, கார் நிறுத்தும் இடம் எதுவானாலும் சரி. காலை பத்து மணிக்கு முன்பு என்றால் ஈத் தொல்லை குறைவு. தரையில் சாக்கு, அதன்மேல் பழைய செய்தித்தாள் நாலைந்து அடுக்கு விரியுங்கள்.

பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை: நீளமான கத்தி ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், சுளைக்கு அகலமான பாத்திரம், கொட்டைக்கு ஒன்று, மாட்டுக்குப் போவதற்குக் கூடை, பழைய துணி. எண்ணெய் எதுவானாலும் பரவாயில்லை. நாங்கள் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் வைப்போம், அதுதான் வீட்டில் எப்போதும் இருக்கும். தேங்காய் எண்ணெயும் நல்லது.

எண்ணெய் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பலாப்பழப் பயம் பாதி போய்விடும். பலாப் பிசின் தண்ணீரில் கரையாது. கையில் ஒட்டியபின் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். எண்ணெயில்தான் இளகும். அதனால் பிசின் படுவதற்கு முன்பே கை முழுக்க, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை எண்ணெய் தடவ வேண்டும். கத்தியின் இரு பக்கமும் தடவ வேண்டும். கைப்பிடியில் மட்டும் படக்கூடாது, வழுக்கும். அதற்குத்தான் துணி. இதுவரை எத்தனையோ பழம் வெட்டியாயிற்று, எண்ணெய் தடவாமல் ஒரு நாளும் என் மாமியார் கத்தியைத் தொட்டதில்லை. வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தலைக்குத் தேய்ப்பதுபோல நிதானமாகத் தேய்ப்பார். அந்தக் கை வெயிலில் பளபளக்கும்போது பிள்ளைகள் தானாகச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி வெட்டு. பழத்தைப் படுக்க வையுங்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் ஒரே போடாகப் பிளப்பார்கள். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் இருபது சுளையாவது கொட்டையோடு வெட்டுப்படும், தண்டின் பிசின் எல்லாச் சுளையிலும் பரவும். நன்றாகப் பழுத்த பழத்துக்கு எங்கள் முறை வேறு. கத்தியை அரை அங்குல ஆழம் மட்டும், அதாவது முள்தோல் மட்டும் அறுபடும்படி இறக்கி, காம்பிலிருந்து அடிவரை நீளமாக ஒரு கோடு போடுங்கள். கத்தியை இழுக்கும்போது தோல் வரை எதிர்ப்பு தெரியும், அதைத் தாண்டினால் சட்டென்று மெத்தென்று இறங்கும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டின் இரு பக்கமும் கட்டை விரல்களை நுழைத்துப் புத்தகத்தைத் திறப்பதுபோல் விரியுங்கள். ஒருவர் காம்பைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். பழம் சரியான பதத்தில் இருந்தால் நடுத்தண்டு முழுசாகக் கழன்று காம்போடு வந்துவிடும். தோலின் மேல் சுளைகள் பூப்போல விரிந்து நிற்கும். இந்த நொடியில் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வாசனை அடித்துக் கிளம்பும்.

தண்டு வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது என்றால் பழம் கொஞ்சம் கெட்டி. பரவாயில்லை. அப்போது நீளவாக்கில் இரண்டாக, பிறகு நாலாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் தோல் கீழே இருக்கும்படி வைத்து, உள்பக்கம் இருக்கும் வெள்ளைத் தண்டைச் சின்னக் கத்தியால் ஓட்டிச் சீவி எடுத்துவிடுங்கள். பிசினில் பெரும்பகுதி அந்தத் தண்டில்தான் இருக்கிறது. அதை எடுத்தவுடன் வெட்டுப்பட்ட பரப்பைச் செய்தித்தாளை ஒற்றித் துடைத்தால் மிச்சப் பாலும் போய்விடும்.

சுளையைப் பிய்ப்பதில் ஒரு சின்ன நுட்பம். துண்டைக் கையில் எடுத்து, தோலைப் பின்பக்கமாக மடக்குங்கள். சுளைகள் தாமாகப் பிதுங்கி நிற்கும். சுற்றியிருக்கும் சடையை விலக்கி, சுளையின் அடியைப் பிடித்துச் சற்றே திருகி இழுத்தால் கிழியாமல் வரும். பிறகு மேல்முனையைக் கிள்ளி, நகத்தால் கீறி, கொட்டையைத் தள்ளிவிடலாம். கொட்டை எடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பாதி சுளை அவர்கள் வாய்க்குப் போகும், போகட்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளிடம் மட்டும் கொட்டையோடு கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் கையை உடனே கழுவக்கூடாது. மறுபடி எண்ணெய் ஊற்றித் தேய்த்து, துணியால் துடைத்து, அதன்பிறகு சீயக்காயோ சோப்போ போடுங்கள். கத்திக்கும் அதே முறைதான்.

சாப்பிடுவது, கொடுப்பது

முதல் சுளை சாமிக்கு. இரண்டாவது, வீட்டிலேயே மூத்தவருக்கு. எங்கள் மாமனாருக்குப் பல் இல்லை, அவருக்குக் குழைந்த சுளையாகப் பார்த்து நாராகக் கிழித்துக் கொடுப்போம். மற்றவர்கள் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து கைவைக்க வேண்டியதுதான். தேன் இருந்தால் தொட்டுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரருக்குச் சுளையைப் பிய்த்துப் போட்டு, தேங்காய்ப் பூவும் ஏலக்காயும் துளி நாட்டுச் சர்க்கரையும் தூவிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் சுளைதான்.

காலையில் பழையது குடித்துவிட்டு, பதினோரு மணி வாக்கில் பலாச்சுளை என்றால் வயிறு கேட்கும். வெறும் வயிற்றில் இருபது முப்பது சுளை தின்றால் வலிக்கத்தான் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு மூன்று சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பலாவில் பொட்டாசியம் அதிகம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் எதிரே உட்கார்ந்து எல்லோரும் தின்னாதீர்கள், அது பெரிய வேதனை.

பிறகு பங்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம், எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒன்று, கறவைக்கு வரும் அண்ணனுக்கு ஒன்று. இலை போட்டு மூடி, பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்புவோம். எங்கள் தெருவில் பாத்திரம் வெறுமனே திரும்பி வராது. மறுநாள் அந்தக் கிண்ணத்தில் நாலு மாங்காயோ, கைப்பிடி முருங்கைக்கீரையோ, ஒரு கரண்டி ஊறுகாயோ இருக்கும். பெரியம்மா வீட்டிலிருந்து ஒன்றும் இல்லாத நாளில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு வந்திருக்கிறது.

மிச்சமானதை மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மூடி இறுக்கமாக இல்லையென்றால் பால், தயிர் எல்லாம் பலா வாசனை அடிக்கும்.

தோலும் சடையும்

மாட்டுக்குப் பலாத்தோல் என்றால் உயிர். கையளவு துண்டாக நறுக்கிப் போடுங்கள். ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள். இனிப்பு அதிகமுள்ள கழிவை நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பி அசை போடாமல் நின்றுவிடும். இரண்டு கூடை தோல் இருந்தால் காலை மாலை என்று இரண்டு நாளைக்கு வைக்கோலோடு கலந்து கொடுங்கள். பலா இலையை ஆடு விரும்பித் தின்னும். மாடு ஆடு இல்லாதவர்கள் குழி வெட்டிப் புதைத்துவிட்டால் மட்கி உரமாகும்.

கொட்டை

பழம் ஒரு நாள் சந்தோஷம் என்றால், கொட்டை ஒரு மாதத்துச் சந்தோஷம். கொட்டையைக் கழுவி, வழவழப்பு போகத் தேய்த்து, நிழலில் ஒரு நாள் பரப்பி வையுங்கள். மேலே இருக்கும் வெள்ளைத் தோல் காய்ந்து உரியத் தொடங்கும். உடனே சமைப்பதை எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய மண்பானையில் ஒரு வரிசை காய்ந்த மணல், ஒரு வரிசை கொட்டை என்று அடுக்குங்கள். மணலில் ஈரம் இருக்கவே கூடாது, இருந்தால் முளைத்துவிடும். இப்படி வைத்தால் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேலும் தாங்கும். கொட்டையைப் பச்சையாகத் தின்னாதீர்கள், வெந்தால்தான் செரிக்கும்.

சாயங்காலம் அடுப்பு அணையும் நேரத்தில் ஆளுக்கு ஐந்து கொட்டையைத் தணலில் போட்டுவிடுவோம். போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறல் போட வேண்டும், இல்லையென்றால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். பத்து நிமிடத்தில் தோல் கருகி, உள்ளே மாவாக வெந்திருக்கும். ஊதி ஊதி உரித்து, உப்புத் தொட்டுத் தின்பது.

ஆனால் கொட்டைக்கென்றே பிறந்தது கருவாட்டுக் குழம்புதான். எங்கள் வீட்டு அளவு இது. இருபது கொட்டையை வெள்ளைத்தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, துளி உப்புப் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். காவித்தோல் இருந்தால் பரவாயில்லை. நெத்திலிக் கருவாடு நூறு கிராம், தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மண்சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. பதினைந்து சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் முழுசாகப் போட்டு நன்றாக வதக்கி, இரண்டு தக்காளி, மூன்று கத்தரிக்காய். வதங்கியதும் வீட்டுக் குழம்புத்தூள் இரண்டு ஸ்பூன். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வெந்த கொட்டையைப் போட்டு, பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது கருவாடும், இருந்தால் இரண்டு துண்டு மாங்காயும் போட்டு, சிறு தீயில் எட்டு நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். கருவாட்டில் உப்பு இருக்கிறது, அதனால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும்.

அன்றே சாப்பிட்டால் நன்றாக இருக்கும். மறுநாள் காலை, கொட்டை குழம்பைக் குடித்து ஊறியிருக்கும்போது பழைய சோற்றுக்கு வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக மனசில்லாத பையன் அதற்காகவே சீக்கிரம் எழுந்துவிடுவான்.

சைவம் என்றால் வேகவைத்த கொட்டையை முருங்கைக்கீரையோடு பொரியல் செய்யுங்கள். பெருங்காயமும் பூண்டும் சேர்த்தால் வாயுத் தொல்லை இருக்காது.

இரண்டு கொட்டை நடுவதற்கு

எல்லாக் கொட்டையையும் சமைத்துவிடாதீர்கள். நல்ல பழத்தின் பெரிய கொட்டையாக இரண்டு எடுத்து வைத்துவிடுங்கள். பழம் வெட்டிய இரண்டு வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும், கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது. நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாகப் போகும் மரம் என்பதால் பிடுங்கி நடும்போது பல கன்றுகள் செத்துவிடும். தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். இரண்டடிக்குக் குழி எடுத்து, மட்கிய சாணத்தை மண்ணோடு கலந்து நிரப்பி, கொட்டையைப் படுக்கை வசத்தில் ஓர் அங்குல ஆழத்தில் வையுங்கள். இரண்டு கொட்டை வைத்து, எது செழித்து வருகிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

கொட்டைக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும், தாய் மரத்தைப் போலவே ருசி வரும் என்றும் சொல்ல முடியாது. உறுதியான ருசியும் சீக்கிரக் காய்ப்பும் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வைக்க வேண்டும். நாங்கள் கொட்டைதான் வைத்தோம். 2011 டிசம்பர் 30 விடியும் நேரத்தில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் ஏழு பலாமரத்தில் நாலு வேரோடு சாய்ந்தன. எங்கள் பக்கத்துப் பலாக்கட்டையைத்தான் தஞ்சாவூரில் வீணை செய்யத் தேடி வாங்குவார்கள். அப்படிப்பட்ட மரங்கள் ரோட்டோரம் விறகாகக் கிடந்தன. ஆயா ஒரு மாதம் தோப்புப் பக்கமே போகவில்லை. அடுத்த வைகாசியில், நின்ற மூன்று மரத்தில் ஒன்றின் பழத்தை வெட்டியபோது, யாரிடமும் சொல்லாமல் நாலு கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய், சாய்ந்த மரங்கள் நின்ற இடத்திலேயே ஊன்றிவிட்டு வந்தார்.

அதில் மூன்று பிழைத்தன. ஒன்பதாவது வருஷம் ஒரு மரம் அடியில் இரண்டே இரண்டு காய் வைத்தது. அதைப் பார்க்க ஆயா இல்லை. இப்போது நடையில் சாக்குக்குள் இருக்கும் பழம் அந்த மரத்துடையதுதான். இன்று காலை அமுக்கிப் பார்த்தேன், இன்னும் இரண்டு நாள் ஆகும்.